கியர் லீவர் ஆடினால்: கியர்பொக்ஸை இறக்குமுன் பார்க்க வேண்டியவை

வயலையும் கிணற்றையும் விட்டுவிட்டு வந்த சில குடும்பங்களிடம் பழைய கார் ஒன்று மட்டும் எஞ்சியிருக்கின்றது. சந்தைக்கு மரக்கறி ஏற்றவும் ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றவும் அதுவே கைகொடுக்கின்றது. அந்தக் காரின் கியர் லீவர் விழப்போகும் பல்லுப்போல ஆடத் தொடங்கியதும், "கியர்பொக்ஸ் முடிஞ்சுது, இறக்கத்தான் வேணும்" என்ற பேச்சு எழுந்துவிடும். இறக்கினால் கார் பல நாள் நிற்கும். அத்தனை நாளும் வருமானமும் நிற்கும். ஆனால் லீவர் ஆடுவதற்கும் கியர்பொக்ஸின் பற்சில்லுகளுக்கும் பல வேளைகளில் தொடர்பே இருப்பதில்லை. தேய்ந்திருப்பது லீவரின் அடி நுனியும் அது அமரும் இடமுமே. இவை கியர்பொக்ஸை இறக்காமலே திருத்தக்கூடியவை.

எங்கள் பகுதிகளில் நன்கு அறியப்பட்ட மொறிஸ் மைனர் 1000 காரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1990இல் வடக்கிற்கு எரிபொருள் தடைப்பட்ட பின்னர் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களுள் இதுவும் ஒன்று. 1956இல் 948 சீசீ இயந்திரத்துடன் வெளிவந்த இந்த ரகத்துக்கு 1962இல் 1098 சீசீ இயந்திரம் பூட்டப்பட்டது. இரண்டிலும் குட்டையான லீவர், கியர்பொக்ஸின் பின்புறம் நீண்டிருக்கும் ஒரு கூட்டின் மேல் நிற்கின்றது. லீவரின் நடுவே ஓர் உருண்டை. அது ஒரு கிண்ணத்தில் அமர்ந்திருக்கும். அடியிலுள்ள சிறிய உருண்டைதான் உள்ளே கியர் மாற்றும் தண்டை நகர்த்துவது. லீவர் தன்பாட்டில் சுழலாதபடி ஒரு முளையும், அதிராதபடி ஸ்பிறிங்கினால் அழுத்தப்படும் ஒரு சிறு முளையும் உண்டு.

சிறு தேய்வு ஏன் பெரிய ஆட்டமாகத் தெரிகின்றது? துலாவை நினைத்துப் பாருங்கள். அச்சுலக்கைக்கு அருகில் சிறிது அசைந்தாலும் நுனியில் அது பெரிய அசைவாகிவிடும். லீவரின் மேற்பகுதி கீழ்ப்பகுதியைப்போல் ஐந்து மடங்கு நீளமானால், அடி உருண்டையில் 2 மில்லிமீற்றர் தேய்வு கைக்குமிழில் 10 மில்லிமீற்றர் ஆட்டமாகும். ஆகவே ஆட்டத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. லீவர் முழுத்தூரம் தள்ளாதபோது கியர் அரைகுறையாகவே விழும். பற்களின் ஓரம் மட்டும் பாரம் தாங்கி உடையும். அப்போது கியர்பொக்ஸை உண்மையிலேயே இறக்க வேண்டிவரும்.

முதலில் நோயைச் சரியாக அறிய வேண்டும். காரைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கல் அணை கொடுங்கள். இயந்திரம் நின்றிருக்கையில் எல்லாக் கியரும் இலகுவாக விழுந்து, இயந்திரம் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், பிழை பெரும்பாலும் கிளச்சில்தான். மைனரில் கிளச் தண்டுகளாலும் இணைப்புகளாலும் இயங்குவது. அந்த இணைப்புகளும் தேய்பவையே. லீவர் இறுக்கமாக இருந்தும் ஓட்டத்தில் கியர் கழன்று விழுந்தால், இயந்திரத்தையும் கியர்பொக்ஸையும் தாங்கும் றபர்களைப் பாருங்கள். அவை நல்ல நிலையில் இருந்தால் கோளாறு உள்ளே உள்ளது. அதை அனுபவமுள்ள மெக்கானிக்கிடமே விடவேண்டும். கார் உருளும்போது முதலாம் கியர் கரகரப்பது மட்டும் நோயல்ல. மைனரின் முதலாம் கியருக்கு ஒத்திசைவு வளையம் கிடையாது. காரை நிறுத்திவிட்டே போடவேண்டும்.

கியர் விழுந்த பின்னும் குமிழ் எப்பக்கமும் தொளதொளவென்று ஆடினால், லீவரைக் கழற்றிப் பார்க்கலாம். நியூட்ரலில் வைத்து, தரைவிரிப்பையும் றபர் உறையையும் அகற்றுங்கள். சுற்றியுள்ள மண்ணைத் துடைத்தபின்பே மேல்மூடியைத் திறக்கவேண்டும். ஒரு பிடி மணல் உள்ளே விழுந்தால் செய்த வேலை வீண். ஸ்பிறிங் முளையின் மூடியைக் கழற்றும்போது விரலால் அழுத்திப் பிடியுங்கள், ஸ்பிறிங் பாய்ந்துவிடும். பின் மூடியின் திருகாணிகளைக் கழற்றி லீவரை நேரே மேலே தூக்குங்கள். துவாரத்தைச் சுத்தமான துணியால் மூடிவிடுங்கள். கழற்றியவற்றைக் கழற்றிய ஒழுங்கிலேயே ஒரு தட்டில் வைப்பது நல்லது.

இப்போது வேணியர் இடுக்கியால் அடி உருண்டையை இரு திசைகளில் அளந்து பாருங்கள். கியர் போடும் திசையில், அதாவது முன் பின்னாக, அது தட்டையாகியிருக்கும். குறுக்கே தேய்வு குறைவு. அந்த அளவுதான் பழைய அளவுக்குக் கிட்டியது. தேய்ந்த இடத்தில் பித்தளை ஒட்டு வைத்து நிரப்பி, அரத்தால் அல்லது லேத்தில் அந்த அளவுக்கு உருட்டி எடுக்கலாம். பித்தளை உருக்கைவிட மென்மையானதால் மீண்டும் தேயும்தான். எனினும் தேய்வது மாற்றக்கூடிய லீவராகவே இருப்பதை நாம் விரும்புகின்றோம், உள்ளிருக்கும் தண்டாக அல்ல. ஒட்டு வேலையைக் காருக்குள் வைத்து ஒருபோதும் செய்யாதீர்கள். எண்ணெய் ஊறிய விரிப்பு தீப்பற்ற ஒரு பொறி போதும்.

உருண்டை அமரும் இடத்தில் புஷ் இருந்து அது தேய்ந்திருந்தால், லேத் வேலை தெரிந்தவர் நைலோன் கோலில் புதிதாகக் கடைந்து தருவார். நைலோன் சூட்டிலும் ஈரத்திலும் சற்றுப் பருக்கும். ஆகையால் மிக இறுக்கமாகக் கடையக்கூடாது. சுழலாமல் தடுக்கும் முளை தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஸ்பிறிங்கை இழுத்து நீட்டிப் போடுவது சில வாரங்களுக்கே உதவும். அதே தடிப்பும் நீளமும் உள்ள வேறொன்று தேடுவதே மேல். சைக்கிள் ரியூப் துண்டைச் சுற்றிப் பூட்டும் வழக்கமும் உண்டு. சத்தம் அடங்கிவிடும், உண்மை. ஆனால் றபர் பிய்ந்து ஒயிலுக்குள் விழும். கியர் முழுதாக விழுந்ததா என்பதும் கைக்குத் தெரியாமற் போகும். அதை நாம் சிபாரிசு செய்வதில்லை.

பூட்டும்போது உருண்டைகளுக்குக் கிறீஸ் பூசுங்கள். பூட்டியபின் லீவர் இரு விரலால் அசையவேண்டும், குலுங்கக் கூடாது. இறுகினால் மூடியின் கீழ் மெல்லிய வோசர் கொடுத்துப் பாருங்கள். கிழிந்த றபர் உறையைத் திரும்பப் போடாதீர்கள்; எமது செம்மண் தூசி அவ்வழியாகவே இறங்குகின்றது. கியர்பொக்ஸ் ஒயிலையும் அன்றே பார்த்துவிடலாம். இதற்குத் தடித்த கியர் ஒயில் அல்ல, 30ஆம் இலக்க என்ஜின் ஒயிலே உரியது, ஏறத்தாழ 1.3 லீற்றர் கொள்ளும்.

ஒஸ்ரின் ஏ40 சோமசெற் போல ஸ்ரியறிங் தண்டில் லீவர் உள்ள கார்களில் கதை வேறு. அங்கே தேய்வு ஓரிடத்தில் அல்ல, தண்டுகள் சந்திக்கும் ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கும். ஒருவர் லீவரை அசைக்க மற்றவர் கீழே பார்த்து, ஆடும் மூட்டுகளின் ஆணிகளையும் வோசர்களையும் மாற்றவேண்டும். தண்டின் நீளத்தைத் திருத்துவது கடைசி வேலை. மூட்டுகள் ஆடும்போதே அதைத் திருகினால் ஒரு கியர் சரிவரும், மற்றது விழாது.