கோடியக்கரை: உவர்நீரும் நன்னீரும்

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரை வடக்கிலிருந்து தெற்காக நீண்டு வந்து, ஓரிடத்தில் மேற்கு நோக்கித் திரும்புகிறது. அம்முனையே கோடியக்கரை. ‘கோடி’ என்னும் சொல்லுக்கு ‘முனை’ என்பது ஒரு பொருள். இதன் கிழக்கே வங்காள விரிகுடாவும் தெற்கே பாக் நீரிணையும் உள்ளன. நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்விடம் 1967ஆம் ஆண்டு வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது.

நிலமும் வாழிடமும்

இங்கு மலை இல்லை. ஆயினும் நிலத்தின் சிறிய ஏற்றத்தாழ்வே வாழிடங்களை வகுத்துவிடுகிறது. மேடான மணற்பகுதியில் உலர் பசுமைமாறாக் காடு வளர்கிறது. பாலை முதலிய மரங்களின் தடித்த இலைகள் நீரை எளிதில் இழப்பதில்லை. ஆதலால் அவை கோடையிலும் பசுமையாக நிற்கின்றன. காட்டை அடுத்த புல்வெளியில் வெளிமான்கள் மேய்கின்றன. தாழ்ந்த பகுதியில் சேறும் உவர்நீரும் நிறைந்த சதுப்புநிலம் மேற்கே நெடுந்தொலைவு பரந்துள்ளது.

காலநிலை

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பொழிகிறது. மழைநீரும் காவிரியின் கிளையாறுகள் கொணரும் நன்னீரும் கலப்பதால் சதுப்பின் உவர்ப்புக் குறைகிறது. கோடையில் நீர் வற்றி, தரையில் உப்புப் படிகிறது. இம்மாற்றத்திற்கு ஏற்பவே சேற்றில் புழு, நத்தை முதலிய சிற்றுயிர்கள் பெருகுகின்றன, குறைகின்றன. அவற்றை உண்ண வலசைப் பறவைகள் வருகின்றன. குஜராத்தின் கட்ச் பகுதியில் கூடு கட்டும் பூநாரை இனத்தை இங்கும் காணலாம். முப்பது கிராம் எடையும் எட்டாத கொசு உள்ளான், பனி உறையும் வடதுருவப் பகுதியிலிருந்து பறந்து வருகிறது.

வளையம் கூறும் செய்தி

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக இங்குப் பறவைகளை ஆராய்ந்து வருகின்றனர். பறவையை வலையில் பிடித்து, எடையும் இறகின் அளவும் குறித்து, எண் பொறித்த மெல்லிய உலோக வளையத்தைக் காலில் பூட்டி விடுவிப்பர். வேற்றிடத்தில் அப்பறவை மீண்டும் பிடிபட்டால், அவ்வெண் அதன் பயணத்தை அறிவிக்கும். பறவையியல் அறிஞர் சாலிம் அலி இப்பணிக்கு வழிகாட்டினார்.

காக்கும் கடமை

இவ்வாழிடம் இன்று இடர்ப்படுகிறது. அயல்நாட்டுத் தாவரமான சீமைக்கருவேலம் புல்வெளியை மூடி வருகிறது. அதன் இனிய நெற்றுகளைத் தின்னும் கால்நடைகளே விதைகளைப் பரப்புகின்றன. திறந்தவெளி சுருங்கினால், கண்பார்வையையும் ஓட்டத்தையும் நம்பி வாழும் வெளிமானுக்கு இடமில்லை. நன்னீர் வரத்துக் குறைந்தால் சதுப்பின் உவர்ப்பு மிகும். பறவைகளின் இரை அருகும். வடதுருவத்தில் குஞ்சு பொரித்த பறவை இங்கு இரை பெறாவிடில் மீண்டும் அங்குச் செல்ல வலிமை பெறாது. எனவே, ஒரு பறவையைக் காக்க அதன் வழியிலுள்ள எல்லா நிலங்களையும் காத்தல் வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

உவர்நீர் – உப்புநீர்
வலசை – பருவந்தோறும் இடம்பெயர்தல்
நெற்று – முற்றி உலர்ந்த காய்
அருகும் – குறையும்

பயிற்சி

1. பாலை மரம் கோடையிலும் பசுமையாக இருப்பது ஏன்?
2. சதுப்பின் உவர்ப்பு எப்போது குறையும்? எப்போது மிகும்?
3. பறவையின் காலில் வளையம் பூட்டுவதன் பயன் யாது?
4. பிரித்து எழுதுக: நன்னீர், சிற்றுயிர், வாழிடம்.
5. நீங்கள் வாழும் ஊரின் நீர்நிலைக்குக் குளிர்காலத்தில் வரும் பறவைகளை உற்றுநோக்குக. அவற்றின் தமிழ்ப் பெயர்களைப் பெற்றோரிடம் கேட்டறிந்து ஐந்து தொடர்கள் எழுதுக.