ஹெல்ப் டெஸ்க்கிலிருந்து சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் பணிக்கு

தாராவியிலிருந்து மித்தி ஆற்றைக் கடந்தால் பாந்த்ரா குர்லா வளாகம். அங்கும் பொவாய், ஐரோலி போன்ற இடங்களிலும் உள்ள அலுவலகங்களின் ஹெல்ப் டெஸ்க்கில் பணிபுரியும் தமிழ் இளைஞர்கள் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் பலர். கடவுச்சொல்லை மாற்றித் தருவதும், பிரிண்டரை இயங்க வைப்பதும், அறுந்த இணைய இணைப்பைச் சரிசெய்வதும் அவர்களது அன்றாடப் பணி. ஓரிரு ஆண்டுகளில் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் பதவியை நாடும்போது பயிற்சி நிறுவனங்களின் விளம்பரங்கள் கண்ணில் படுகின்றன. கட்டணத்திற்காக வீட்டு நகை அடகுக்கு வருகிறது. கடன் தருவது வங்கியின் தொழில்தான். எனினும் இப்படியை ஏறுவதற்கு வேண்டியவற்றுள் பெரும்பகுதி செலவின்றியே கிடைக்கிறது என்பதை வாடிக்கையாளர்கள் அறிந்திருத்தல் நலம்.

இரு பணிகளுக்கும் உள்ள வேறுபாட்டை வங்கி வழக்கில் இவ்வாறு கூறலாம். ஒரு கணக்கில் விழுந்த தவறான பதிவைத் திருத்துவது ஒரு வேலை. அதே தவறு பல கணக்குகளில் மீண்டும் மீண்டும் விழுவது ஏன் என்று கண்டறிந்து நிறுத்துவது மற்றொரு வேலை. 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பழுதான அப்டேட்டினால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதித் தர நேர்ந்தது. கணினியை சேஃப் மோடில் தொடங்கி ஒரு கோப்பை நீக்கினால் போதும். ஆனால் பிட்லாக்கர் பூட்டு இடப்பட்ட கணினிகளில் அதற்கு மீட்பு எண் தேவைப்பட்டது. கணினி கணினியாக அமர்ந்து இதைச் செய்வது ஹெல்ப் டெஸ்க்கின் வேலை. அந்த எண்களைப் பழுது வருமுன்பே எடுக்கத்தக்க இடத்தில் சேமித்து வைத்திருப்பது அட்மினிஸ்ட்ரேட்டரின் வேலை.

இந்தப் பார்வையைப் பழகுவதற்கு நாள்தோறும் வரும் டிக்கெட்டுகளே முதல் பாடநூல். கடந்த மூன்று மாத டிக்கெட்டுகளை எடுத்து வகைபிரித்துப் பாருங்கள். 'இணையம் வரவில்லை' என்னும் புகாரில், கணினியின் ஐ.பி. முகவரி 169.254 என்று தொடங்கினால், முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சர்வரிடமிருந்து பதில் வராமையால் கணினி தானே ஒரு முகவரியைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். முகவரி சரியாக இருந்து, எண்ணைக் கொண்டு பிங் செய்தால் பதில் வந்து, பெயரைக் கொண்டு செய்தால் வரவில்லையெனில், டி.என்.எஸ். மீது ஐயம் கொள்ளலாம். ஒருவரது அக்கவுண்ட் வாரத்தில் நான்கு முறை லாக் ஆகிறதா? விடுவித்துவிட்டு டிக்கெட்டை மூடுவதோடு நில்லாமல், டொமைன் கன்ட்ரோலரின் பாதுகாப்புப் பதிவில் 4740 என்னும் நிகழ்வைத் தேடச் சொல்லுங்கள்; எந்தக் கருவியிலிருந்து அம்முயற்சி வந்தது என்பதற்கு அங்கே துப்புக் கிடைக்கும். பெரும்பாலும் பழைய கடவுச்சொல்லை மறவாத கைப்பேசியே குற்றவாளி! கண்டறிந்ததை ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். அத்தகைய முப்பது பக்கங்கள் நேர்காணலில் எந்தச் சான்றிதழையும்விட நன்றாகப் பேசும் என்பது என் கருத்து.

அடுத்து, கைப்பழக்கம். அலுவலக சர்வரில் சோதனை செய்ய எவரும் இடமளியார். ஆனால் 16 ஜி.பி. நினைவகம் உள்ள ஒரு பழைய லேப்டாப்பில், இலவசமான விர்ச்சுவல்பாக்ஸைக் கொண்டு இரண்டு மூன்று மெய்நிகர் கணினிகளை அமைக்கலாம். பத்துக்குப் பத்து அறையில் வாழும் குடும்பத்திற்கும் இது இடநெருக்கடி தராது. விண்டோஸ் சர்வரின் சோதனைப் பதிப்பு 180 நாட்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆல்மாலினக்ஸ் என்றும் இலவசம். டொமைன் ஒன்றை உருவாக்கி, இருபது பயனர்களை பவர்ஷெல் ஸ்கிரிப்ட் கொண்டு சேர்த்து, பேக்கப் எடுத்து, பின் வேண்டுமென்றே அழித்து மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்புவதற்கில்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுகளை அழித்துவிட்டார். ஐந்து வகைப் பாதுகாப்பு ஏற்பாடுகளுள் ஒன்றும் எதிர்பார்த்தபடி கைகொடுக்கவில்லை. தற்செயலாக எடுக்கப்பட்டிருந்த, ஆறு மணி நேரம் பழைய பிரதியே உதவிற்று.

லினக்ஸைத் தமிழிலேயே தொடங்க விரும்புவோருக்கு பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுட்டோரியல் பாடங்கள் தமிழ்க் குரலில் இலவசமாக உள்ளன. கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்திலும் பழகிக்கொள்ளுங்கள். நேர்காணல் அம்மொழியில்தான் நடைபெறும்.

தேர்வு எழுதுவதாயின் ரெட் ஹேட்டின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. மதிப்புமிக்கது. விடைகளுள் ஒன்றைக் குறியிடும் முறை அதில் இல்லை. இயங்கும் கணினியில் பணிகளைச் செய்து காட்ட வேண்டும். சான்றிதழ் மூன்று ஆண்டுகள் செல்லும். மேற்சொன்ன பழக்கம் கைவந்த பிறகு கட்டணம் செலுத்துவதே முறை. பயிற்சி வகுப்பு தேவையென்று அதன்பின்னும் தோன்றினால், நகையை அடகு வைக்குமுன் மத்திய அரசின் மாதிரித் திறன் கடன் திட்டத்தைக் கிளையில் கேட்டறியுங்கள். தகுதிபெற்ற பயிற்சிகளுக்கான உச்சவரம்பு 2024 ஜூலையில் 1.5 லட்சம் ரூபாயிலிருந்து 7.5 லட்சமாக உயர்த்தப்பட்டது. வரம்பு உயர்ந்தது என்பதற்காகக் கடனையும் உயர்த்த வேண்டியதில்லை. 'வேலை உறுதி' என்று கூறும் நிறுவனத்திடம் அவ்வுறுதியை எழுத்தில் கேளுங்கள்.

இப்போதுள்ள அலுவலகத்திலேயே ஒரு வாயில் திறந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அப்டேட்டுகளை வெளியிடுகிறது. அவற்றைச் சர்வர்களில் ஏற்றும் பணியைப் பல அலுவலகங்கள் வார இறுதி இரவில் வைத்துக்கொள்கின்றன. அந்த இரவுகளில் கண் விழிக்க முன்வருவோர் குறைவு. உடன் அமர்ந்து பார்க்க அனுமதி வேண்டி மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.