காலி ஆகாத வாட்டர் பாட்டில்

இதை எழுதலாமா என்று எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். "தைரியமா எழுது, சுவரில ஒட்டலாம்"னு சொன்னாங்க.

எட்டாம் வகுப்பு படித்தபோது தினமும் ஒரு லிட்டர் பாட்டில் நிறைய தண்ணீர் கொண்டு வருவேன். சாயந்திரம் முக்கால்வாசி அப்படியே வீட்டுக்குப் போகும். தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணுமே! அங்கே தாழ்ப்பாள் உடைஞ்சிருக்கும், மத்தியானத்துக்கு மேல் குழாயில் தண்ணீரும் வராது. அதனால் காலை எட்டு மணிக்கு வீட்டில் போனால், அப்புறம் சாயந்திரம் ஐந்து மணிக்குத்தான். அடக்கி வைப்பதை ஒரு சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தேன்.

2024 டிசம்பரில், அரையாண்டுத் தேர்வு நேரத்தில், சிறுநீர் போகும்போது எரிச்சல், முதுகுவலி, பிறகு குளிர்க் காய்ச்சல். பாட்டி "உடம்புச் சூடுதான்" என்று இளநீர் வாங்கிக் கொடுத்தாங்க. இளநீர் நல்லா இருந்துச்சு, காய்ச்சல் போகலை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அம்மாவை விட்டுவிட்டு என்னைத்தான் கேட்டாங்க: "ஸ்கூல்ல எத்தனை தடவை பாத்ரூம் போவே?" "போகவே மாட்டேன்" என்றேன். பரிசோதனையில் கிருமித் தொற்று என்று தெரிந்தது. கணக்குப் பரீட்சை எழுத முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் படித்துப் பார்த்தேன். நம் இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. 15 லிட்டர் குடத்தில் பன்னிரண்டு குடம்! அதில் பெரும்பகுதி திரும்ப இரத்தத்துக்கே போய்விடும். ஒன்றரை லிட்டர் அளவுதான் சிறுநீராக வெளியே வரும்.

சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய் ஆண்களுக்குச் சுமார் 20 செ.மீ., பெண்களுக்கு 4 செ.மீ.தான். உங்க ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். குடலில் இருக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியா இந்தக் குட்டி வழியில் சுலபமாக ஏறிவிடும். சிறுநீர் போகும்போதெல்லாம் கிருமியும் கழுவிக்கொண்டு வெளியேறும். அடக்கினால் உள்ளேயே தங்கிப் பெருகும். சிறுநீரகம் வரை ஏறினால் என் கதைதான். கழுவும்போது முன்னாலிருந்து பின்பக்கமாகக் கழுவணும்னு டாக்டரம்மா சொன்னதற்கும் இந்தக் கிருமிதான் காரணம்.

எவ்வளவு குடிக்கணும்னு அளக்க வேண்டாம். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி. அடர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. (பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டாலும் மஞ்சளாகும், பயந்துடாதீங்க.)

கேரளாவில் 2019-ல் பள்ளிகளில் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்க ஆரம்பித்தார்கள். நல்ல யோசனைதான். ஆனா குடிச்ச பிறகு போக ஒரு இடமும் வேணுமே டீச்சர்! தாழ்ப்பாளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதுவரை முதல் இன்டர்வெல்லில் நாங்க மூணு பேர் சேர்ந்து போறோம், ஒருத்தி கதவைப் பிடிச்சுக்குவா. வாளியில் காலையிலேயே தண்ணீர் பிடித்து வைத்துவிடுகிறோம்.

நேற்று என் பாட்டிலைத் தூக்கிப் பார்த்த அம்மா, "வழியில கொட்டிட்டியா?"ன்னு கேட்டாங்க.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி