முப்பத்தேழு வயதில் பட்டப்படிப்பு

கேள்வி: நான் முகத்துவாரத்தில் வசிக்கிறேன். வயது 37. ஏ.எல். கலைப் பிரிவில் எடுத்த மூன்றில் இரண்டு பாடங்கள்தான் பாஸ். பிறகு கல்யாணம், இரண்டு பிள்ளைகள். இப்போது வீட்டுக்குப் பக்கத்து முன்பள்ளியில் உதவி ஆசிரியையாக இருக்கிறேன். கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டம் செய்யலாம் என்று தோழி சொல்கிறாள். "இனிப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று மாமியார் கேட்கிறார். எனக்கு இடம் கிடைக்குமா? தமிழில் படிக்கலாமா? வேலையையும் வீட்டையும் வைத்துக்கொண்டு முடியுமா? (வாசகி, முகத்துவாரம்)

பதில்: சகோதரி, உங்களுக்கு இடம் இருக்கிறது. ஆனால் பட்டப்படிப்பில் நேராகப் போய் உட்கார முடியாது. ஏ.எல். மூன்று பாடமும் பாஸானவர்களுக்குத்தான் பொதுவாக அந்த நேர்வழி. அது இல்லாதவர்களுக்கென்றே இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் அடிப்படைக் கற்கைநெறிகளை வைத்திருக்கிறது. அதை முடித்துவிட்டுப் பட்டத்துக்குப் போகலாம். பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்கு மேல் வயதெல்லை உங்களைத் தடுக்காது. ஐம்பது கடந்தவர்களும் அங்கே பிள்ளைகளின் வயதுடையவர்களோடு உட்கார்ந்து படிக்கிறார்கள்.

உங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. முன்பள்ளிக் கல்விக்கென்றே அங்கே சான்றிதழ்ப் பாடநெறி நடக்கிறது. என்னைக் கேட்டால் அதில்தான் தொடங்கச் சொல்வேன். நீங்கள் காலையில் செய்கிற வேலையே மாலையில் பாடமாக வரும். ஒரு நான்கு வயதுப் பிள்ளை பென்சிலைப் பிடிக்க ஏன் திணறுகிறது என்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அதற்கான காரணத்தைப் புத்தகத்தில் படிக்கும்போது மனதில் நிற்கும். பதினேழு, பதினெட்டு வருடம் பாடப்புத்தகம் தொடாதவருக்கு அந்தத் துணை பெரிது. 'பட்டம் என்று சொல்லிவிட்டு சர்டிபிகேட் கோஸ் செய்கிறாளாம்' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

மொழி பற்றிக் கேட்டீர்கள். சமூக விஞ்ஞானம், கல்வி ஆகிய துறைகளில் தமிழில் படிக்கக்கூடியவை உண்டு. விஞ்ஞானமும் பொறியியலும் ஆங்கிலத்தில்தான். ஒரு பாடநெறி இந்த வருடம் எந்த மொழியில் நடக்கிறது என்பது அனுமதி அறிவித்தலிலேயே இருக்கும். விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்குமுன் அந்த வரியைத் தேடி வாசியுங்கள்.

கடைசிக் கேள்விக்குத்தான் நான் நிறையச் சொல்ல வேண்டும். தொலைக்கல்வி என்றதும் ஓய்வு கிடைக்கும்போது புரட்டிப் பார்க்கிற படிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். சேர்ந்த பிறகு இடையில் நின்றுபோகிறவர்களில் பலர் கெட்டித்தனம் இல்லாதவர்கள் அல்ல. இந்த நினைப்போடு வந்தவர்கள். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணி நேரப் படிப்பு. வாசிப்பு, ஒப்படை, வகுப்பு, பரீட்சைக்கான தயாரிப்பு எல்லாம் அதற்குள் அடங்கும். சாதாரணப் பட்டத்துக்கு 90 கிரெடிட். அதாவது 4,500 மணி நேரம். முழுநேர மாணவர் வருடத்துக்கு 30 கிரெடிட் எடுத்து மூன்று வருடத்தில் முடிப்பார். நீங்கள் அதில் பாதி எடுத்தால் வாரத்துக்குப் பதினான்கு பதினைந்து மணி நேரம், நாளுக்கு இரண்டு மணி. ஆறு வருடம். அதற்கு முன்னால் அடிப்படைக் கற்கை. நாற்பத்தைந்து வயதை ஒட்டிப் பட்டதாரியாவீர்கள். இதைக் கேட்டு மலைக்காதீர்கள். படித்தாலும் படிக்காவிட்டாலும் அந்த வயது வரத்தான் போகிறது.

அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் எங்கிருந்து வரும் என்று விண்ணப்பிக்குமுன் கணவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அவருக்கு இரவு ஷிப்ட் வரும் வாரத்தில் யார் பிள்ளைகளைப் பார்ப்பது, பல்கலைக்கழகம் டே ஸ்கூல் என்ற நேரடி வகுப்பு வைக்கும் சனி ஞாயிறில் யார் சமைப்பது என்று பெயர் சொல்லித் தீர்மானியுங்கள். மாமியாரையும் அந்தப் பேச்சில் சேருங்கள். தன்னிடம் கேட்காமல் தொடங்கிய படிப்பு என்பதே சில வீடுகளில் பாதிச் சண்டை.

புத்தகங்களைப் பல்கலைக்கழகமே தரும். வீட்டிலிருந்து படிப்பதற்கென்றே எழுதப்பட்டவை அவை. இடையிடையே கேள்விகள் இருக்கும். அவற்றைத் தாண்டிப் போகாமல் கொப்பியில் எழுதிப் பாருங்கள். வருடத்தின் நடுவே ஒப்படைகளும் தொடர் மதிப்பீட்டுப் பரீட்சைகளும் வரும். அவற்றில் தேவையான புள்ளி எடுத்தால்தான் இறுதிப் பரீட்சைக்கு 'எலிஜிபிள்'. இது தெரியாமல் ஒப்படையைப் பின்போட்டு, ஒரு வருடத்தை இழந்தவர்கள் உண்டு. நுழையும் வாசல்தான் அகலம். பரீட்சையில் சலுகை கிடையாது. அதனால்தான் அந்தப் பட்டத்துக்கு மதிப்பும் இருக்கிறது.

பணம். மற்ற அரச பல்கலைக்கழகங்களில் உள்வாரி மாணவர்களுக்கு முதற்பட்டம் இலவசம். இங்கே கட்டணம் உண்டு. பெரும்பாலும் எடுக்கும் பாடங்களின் அளவுக்கு ஏற்பக் கட்டணம் வருவதால், குறைவாக எடுக்கும் வருடத்தில் குறைவாகக் கட்டலாம். குறைந்த வருமானமுள்ளவர்களுக்கு உதவித்தொகை உண்டு. மாணவர் விவகாரப் பிரிவில் கூச்சப்படாமல் கேளுங்கள். எனக்கு இதில் நீண்ட நாள் மனக்குறை ஒன்று இருக்கிறது. கன்னங்கரா காலத்திலிருந்து இலவசக் கல்வி என்று பெருமைப்படும் நாடு இது. இசட் புள்ளி கிடைத்த பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு இலவசம். குடும்பத்துக்காகப் படிப்பை விட்டு இருபது வருடம் உழைத்த தாய்க்குக் கட்டணம். இது நியாயமில்லை. அரசு இந்தச் சுமையில் இன்னும் பெரிய பங்கை ஏற்க வேண்டும்.

பிரதான வளாகம் நாவலவில் இருக்கிறது. நீங்கள் ஹெட்டியாவத்தைக்கு வந்தால் 176 பஸ் பொரளை, ராஜகிரிய வழியாக நாவலவுக்குக் கொண்டுபோய் விடும். ஒரு வார நாளில் நேரே போய்ப் பாருங்கள். கைபேசியில் வாசித்ததை விட அந்த ஒரு பயணத்தில் கூடுதலாகத் தெரிந்துகொள்வீர்கள்.

கேள்வி: என் தகப்பனார் லண்டன் எக்ஸ்டர்னல் பட்டதாரி. நான் வங்கியிலிருந்து ஓய்வு பெறும் நிலையில் இருக்கிறேன். திறந்த பல்கலைக்கழகப் பட்டமும் வெளிவாரிப் பட்டமும் ஒன்றுதானா? மதிப்புக் குறைவு என்கிறார்களே? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: ஒன்றல்ல ஐயா. லண்டன் பல்கலைக்கழகம் 1858இல் தன் பரீட்சைகளை வெளியாருக்குத் திறந்துவிட்டது. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரிகூட லண்டன் பரீட்சைக்கே மாணவர்களைத் தயார் செய்தது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல்தான் வந்தது. உங்கள் தகப்பனாரைப் போன்றவர்களுக்கு லண்டன் பரீட்சை மட்டுமே வைத்தது; கற்பிக்கவில்லை. அவர்கள் டியூஷனிலோ தனியாகவோ படித்தார்கள். நம் பல்கலைக்கழகங்களின் வெளிவாரிப் பட்டங்களும் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை.

திறந்த பல்கலைக்கழகத்தின் அடிப்படை வேறு. 1969இல் பிரித்தானியா தொடங்கிய முறையைப் பின்பற்றி, 1980இல் இங்கே அமைத்தார்கள். ஐதராபாத்தில் இந்தியாவின் முதல் திறந்த பல்கலைக்கழகம் வந்தது 1982இல்; டில்லியில் இந்திரா காந்தி திறந்த பல்கலைக்கழகம் 1985இல். இந்த வரிசையில் நாம் முன்னால் நின்றோம் என்பது பலருக்குத் தெரியாது. இது பரீட்சை மட்டும் வைக்கும் இடமல்ல. பாடம் எழுதி, ஆசிரியரை நியமித்து, ஒப்படையைத் திருத்திக் கற்பிக்கும் அரச பல்கலைக்கழகம். மற்ற அரச பல்கலைக்கழகங்களைப் போலவே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் வருவது. மதிப்புக் குறைவு என்கிறவர்கள் அதன் பரீட்சை எழுதியவர்களாக இருக்க மாட்டார்கள்.

ஓய்வுக்குப் பிறகு சட்டம் படிக்கும் ஆசை பலருக்கு உண்டு. உங்களுக்கும் இருந்தால், சட்டமாணிப் பட்டத்துக்கு அங்கே நுழைவுப் பரீட்சை உண்டு என்பதை மனதில் வையுங்கள். ஓய்வு பெற்று ஊரோடு போய்விடும் எண்ணமிருந்தாலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பிராந்திய நிலையங்கள் இருக்கின்றன.

கேள்வி: நான் தாதி. டிப்ளோமா முடித்தவள். நைட் டியூட்டி மாறி மாறி வரும். பட்டம் எடுக்க ஏதாவது வழி உண்டா? (வாசகி, கொட்டாஞ்சேனை)

பதில்: உண்டு. உங்களைப் போலப் பணியிலிருக்கும் தாதியரை எண்ணியே 1990களில் கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்போடு தாதியியல் பட்டத்தைத் திறந்த பல்கலைக்கழகத்தில் தொடங்கினார்கள். ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும். வார்டில் ரிப்போர்ட் எழுதும் ஆங்கிலம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நீண்ட விடை எழுதும் பழக்கம்தான் குறை. விண்ணப்பம் கோரும் வரை காத்திராமல் இப்போதே வாரம் ஒரு பக்கம் எழுதி, ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் திருத்தி வாங்குங்கள். டியூட்டி லிஸ்ட் போடும் சிஸ்டரிடமும் முன்கூட்டியே பேசி வையுங்கள். பரீட்சை நாட்களில் நைட் போட்டுவிட்டால் சிரமம்.