வீட்டுக்குள் இயற்கை: விற்பவர் அறிந்திருக்க வேண்டியவை

காலையில் கடை திறந்து இரவில் வீடு திரும்பும் ஒருவர் தன் வீட்டில் எதிர்பார்ப்பது மன ஆறுதலையே. ஆனால் நகர்ப்புற ஒழுங்கைகளிலும் தொடர்மாடிகளிலும் வெளிச்சமும் காற்றும் குறைந்த வீடுகள் ஏராளம். பூச்சாடிகள், பிரம்புத் தளபாடங்கள், மரவேலைப்பாடுகள் என்பவற்றை மக்கள் நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் உண்மைப் பயன் உண்டா? 1984 இல் அமெரிக்க ஆய்வாளர் ரொஜர் உல்ரிச், பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட இரு பிரிவினரை, தலா 23 பேராக ஒப்பிட்டார். ஜன்னலூடாக மரங்களைக் கண்டோர், செங்கல் சுவரை மட்டும் கண்டோரைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான், எனினும் பசுமையைக் காண்பது மனிதனுக்கு நன்மை தரலாம் என்பதற்கு இது ஒரு சான்று.

வாடிக்கையாளர் ஆலோசனை கேட்டால் பொருளை முதலில் காட்டாதீர்கள். ஜன்னல் எத்திசையில் உள்ளது, காற்று எவ்வழியாக வருகிறது என்று கேளுங்கள். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா (1919-2003) கொழும்பில் சிறு வீடுகளை இணைத்து அமைத்த தன் இல்லத்தில், சின்னஞ்சிறு முற்றங்கள் மூலமே வெளிச்சத்தை உள்ளே கொண்டுவந்தார். கனத்த திரைச்சீலைக்குப் பதில் மெல்லியதை மாட்டுவதும், ஜன்னலை மறைக்கும் அலுமாரியை நகர்த்துவதும் பெருஞ்செலவில்லாத மாற்றங்கள். வெளிச்சம் குறைந்த மூலைக்கு மணிப்பிளான்ட் போன்ற செடிகளே பொருந்தும்.

ஒன்றை மட்டும் சொல்லி விற்காதீர்கள்: "இச்செடி வீட்டுக் காற்றைச் சுத்தமாக்கும்" என்பது. 1989 இல் நாசா நடத்திய ஆய்வு, மூடப்பட்ட சிறு கூடுகளில் செய்யப்பட்டது. 2019 இல் வெளியான மீளாய்வின்படி, ஒரு கட்டடத்தின் சாதாரண காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் சதுர மீற்றருக்குக் குறைந்தது 10 செடிகளாவது தேவை. ஜன்னலைத் திறப்பதே மேல்.

சாடியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு பெருகும் என்பதையும் மறைக்க வேண்டாம். வாரம் ஒருமுறையாவது அதை ஊற்றிவிட்டுத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் காணும்படி அதனை மேலே வைக்குமாறு பணித்தார்கள். பொருளின் குறையையும் சொல்லி விற்பவரிடமே வாடிக்கையாளர் மீண்டும் வருவார். பரக்கத்தும் அதில்தான் இருக்கிறது.