கிழவி எப்படி நடந்தாள்?

அன்புள்ள பேத்திக்கு,

நீ அனுப்பிய ஆங்கிலக் கதையை இரண்டு முறை வாசித்தேன். மகனைப் பார்க்கக் கிழவி ஆஸ்பத்திரிக்குப் போகும் இடத்தில் தடுக்கி நின்றுவிட்டேன். அவள் 'ஸ்ட்ரோல்' பண்ணிப் போனதாக எழுதியிருக்கிறாய். ஸ்ட்ரோல் என்பது சாயங்காலம் காற்று வாங்க நடப்பது. அதில் அவசரமும் இல்லை, கவலையும் இல்லை. பிள்ளை உயிருக்குப் போராடும்போது எந்தத் தாயம்மா அப்படி நடப்பாள்?

அகராதியில் 'மெதுவாக நடத்தல்' என்று பார்த்து எடுத்திருப்பாய். மெதுவாக நடப்பதற்கு ஆங்கிலத்தில் பல சொற்கள் உண்டு. ஏன் மெதுவாக என்பதில்தான் அவை பிரிகின்றன. அலுத்துப்போய், காலை இழுத்துப் பறித்து வைத்தால் ட்ரட்ஜ். பாதத்தைத் தூக்காமல் தரையில் தேய்த்துக்கொண்டு போனால் ஷஃபிள். ஒரு கால் ஊன்ற முடியாமல் சாய்ந்து நடந்தால் லிம்ப். வலியில் விந்தி விந்திப் போனால் ஹாபில். உன் கிழவி இவற்றில் எப்படி நடந்தாள் என்பது அவளைப் பெற்ற உனக்குத்தான் தெரியும்.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்றும் சொல்கிறேன். 'நொண்டி நொண்டி உள்ளே வந்தான்' என்கிறோம். வந்ததுதான் நமக்கு முற்றுவினை. எப்படி வந்தான் என்பதை எச்சம் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் நொண்டுவதே முற்றுவினை. உள்ளே என்பதை 'இன்டு' என்ற சிறு சொல் பார்த்துக்கொள்ளும். லெனர்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் இந்த வேறுபாட்டை வைத்தே உலக மொழிகளை வகைப்படுத்தினார். தமிழில் நினைத்து எழுதும் நாம் 'வாக்' என்று போட்டுவிட்டுப் பின்னால் 'ஸ்லோலி' என்று ஒட்டுப்போடுகிறோம், இல்லையென்றால் உன்னைப்போல அகராதியில் கிடைத்த சொல்லை எடுத்துவிடுகிறோம். வகுப்பில் பாடம் நடத்திய காலமெல்லாம் விடைத்தாளில் இதைத்தான் திருத்தினேன்.

சொல்லின் பிறப்பும் தெரிந்திருந்தால் கை தானாகச் சரியான இடத்துக்குப் போகும். ட்ரெக் என்ற சொல் தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிவந்த குடியேறிகளின் பேச்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. இழுத்தல் என்பது அதன் மூலப் பொருள். 1830களில் அவர்கள் மாட்டு வண்டிகளோடு கேப் காலனியை விட்டு உள்நாட்டுக்குப் பெயர்ந்த அந்த நெடும் பயணத்தின் பாரம் இன்னும் அந்தச் சொல்லில் இருக்கிறது. தெருமுனைக் கடைக்குப் போவதற்கு அதைப் போடாதே. ஆம்பிள் என்பது முதலில் குதிரையின் அலுங்காத நடை. நடப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. படையோடு கூடவே நகர்ந்த மருத்துவமனையைக் குறித்த ஆம்புலன்ஸும் அதே வேர்தான்.

பட்டியல் எழுதி மனப்பாடம் செய்யாதே, அம்மா. பஸ் ஸ்டாண்டில் அரைமணி நேரம் உட்கார்ந்து கால்களை மட்டும் பார். தத்தித் தத்தி ஓடும் குழந்தைக்கு டாடில். நெஞ்சை நிமிர்த்தித் தன்னை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று நடப்பவனுக்கு ஸ்ட்ரட். குடித்துவிட்டுத் தள்ளாடுபவனுக்கு ஸ்டேகர். வாடில் வாத்து நடை. கர்ப்பிணியைப் பார்த்து அந்தச் சொல் வாயில் வந்தாலும் எழுதுமுன் யோசி, அதில் கேலி ஒட்டியிருக்கும்.

உன் ஆச்சி இப்போது அடுப்படியிலிருந்து எனக்குக் காப்பி கொண்டுவருகிறாள். இடது முழங்காலை மடக்காமல், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, வாசல்படியில் ஒரு நொடி நின்று. இதற்கு என்ன சொல் போடுவாய்? கிழவியின் வரியைத் திருத்தி அனுப்பும்போது இதையும் எழுது.

அன்புடன்,
தாத்தா