கொத்தடிமை ஒழிப்பும் ஆய்வின் பணியும்: திருவள்ளூர் வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

சமூகப்பணி என்றவுடன் ஈகை, இரக்கம், தொண்டு என்பனவே நம் நினைவுக்கு வருகின்றன. ஆய்வு என்பதோ நூலகத்திற்கும் பட்டத்திற்கும் மட்டுமே உரியது எனக் கருதப்படுகிறது. ஆயின், ஆய்வின் துணையற்ற தொண்டு, தான் காக்க வேண்டியவரைக் கண்டுகொள்ளாமலே கடந்து போய்விடும். இவ்வுண்மையைக் கொத்தடிமை ஒழிப்பின் வரலாற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

வட்டாரமும் தொழிலும்

1997ஆம் ஆண்டில் தனி மாவட்டமாக உருப்பெற்ற திருவள்ளூர், தொழில் வளம் மிக்கது. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை உள்ளது. செங்குன்றம் அரிசி ஆலைகளுக்குப் பெயர் பெற்றது. மாவட்டத்தின் பல ஊர்களில் செங்கல் சூளைகள் உள்ளன. இச்சூளைகளிலும் ஆலைகளிலும் இருளர் பழங்குடியினரும், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வருவோரும் உழைக்கின்றனர்.

வேலைக்கு வருமுன் ஒரு முன்பணம் தரப்படுகிறது. அதனைப் பெறுபவர் ஒருவர். கழிக்க உழைப்பதோ குடும்பம் முழுவதும். வரவு செலவுக் கணக்கு முதலாளியிடமே இருக்கும். வாராந்தரச் செலவுக்கெனச் சிறு தொகை தரப்பட, கடன் மட்டும் குறையாது நிற்கும். 2011ஆம் ஆண்டு மே மாதத்தில் இம்மாவட்டத்துச் செங்கல் சூளை ஒன்றிலிருந்து ஒடிசாவைச் சேர்ந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். இது ஏதோ ஒரு மூலையில் மறைந்து கிடக்கும் சிறு குறையன்று என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

சட்டமும் எண்ணிக்கையும்

கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டது. அது கொத்தடிமையின் கடனை அடியோடு நீக்கியது. கடன் கொத்தடிமைக் கடனன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர் மீதே சுமத்தியது. ஆயினும், கொத்தடிமை எவரென அடையாளம் கண்டாலன்றோ சட்டம் பயன்படும்?

காந்தி அமைதி நிறுவனமும் தேசியத் தொழிலாளர் நிறுவனமும் 1978-79இல் நடத்திய ஆய்வு, பத்து மாநிலங்களில் 26.17 லட்சம் கொத்தடிமைகள் இருப்பதாக மதிப்பிட்டது. மாநில அரசுகள் அந்நாளில் கண்டறிந்த தொகையோ அதில் ஒரு சிறு பகுதியே. தமிழ்நாட்டிலும் இதே நிலைதான். உச்ச நீதிமன்றம் அமர்த்திய ஆணையம் 1995இல் பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் எனக் கூறியது. அதன்பின் அரசு எடுத்த கணக்கில் வந்தவர்கள் அத்தொகைக்கு அருகிலும் இல்லை. ஒரே மக்களைக் குறித்து இத்துணை வேறுபாடு ஏன் எழுந்தது? விடை, வினவும் முறையிலும் வரையறையிலும் உள்ளது.

ஆய்வு நீதிமன்றம் ஏறிய வரலாறு

அரியானா மாநிலம் பரீதாபாத் கல் குவாரித் தொழிலாளர் பற்றிப் பந்துவா முக்தி மோர்ச்சா எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றது. வழக்கறிஞர் இருவரை அனுப்பி நிலைமையைக் கண்டறிந்தது. இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் பட்வர்தனிடம் சமூக-சட்ட ஆய்வு ஒன்றையும் ஒப்படைத்தது. 1983 டிசம்பரில் நீதிபதி பகவதி வழங்கிய தீர்ப்பு இவ்வாய்வுகளைச் சான்றாக ஏற்றது. கட்டாய உழைப்பு எனக் கண்டால், அது முன்பணத்தின் பொருட்டே என ஊகித்துக்கொள்ள வேண்டும் என்றும் நெறி வகுத்தது. எழுத்தறியாத ஏழை தன் கடனுக்கு ஆவணம் காட்ட இயலாது என்னும் உண்மையை நீதிமன்றம் உணர்ந்தமையே இதற்குக் காரணம்.

வினவும் நெறி

சூளைத் தொழிலாளியிடம் சென்று, "நீர் கொத்தடிமையா?" என வினவினால் அவர் "இல்லை" என்றே கூறுவார். வாங்கிய பணத்தைக் கழிப்பது கடமை என அவர் நம்புகிறார். முதலாளியின் கண்காணிப்பையும் அஞ்சுகிறார். பயிற்சி பெற்ற ஆய்வாளர் அவ்வாறு வினவார். வேறு சூளைக்குச் செல்ல உரிமை உண்டா? உறவினர் இறந்தால் குடும்பத்தோடு ஊருக்குச் செல்ல முடியுமா, அல்லது ஒருவரைப் பிணையாக விட்டுச் செல்ல வேண்டுமா? ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி? கணக்கேடு யாரிடம் உள்ளது? என வினவுவார். வேலையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை, நடமாடும் உரிமை, கூலி என்று சட்டம் கூறும் அளவுகோல்களையே இவ்வினாக்கள் எளிய சொற்களில் தாங்கி நிற்கின்றன.

இங்கு ஓர் அறமும் உண்டு. ஆய்வாளர் மாலையில் வீடு திரும்புகிறார். விடை கூறியவரோ அதே சூளையில் தங்குகிறார். ஆதலின் முதலாளி இல்லாத இடத்தில், அவர்தம் தாய்மொழியில் வினவுதல் வேண்டும். பெயரை மறைத்தல் வேண்டும். இடர் கண்டால் யாரிடம் முறையிடுவது என்பதையும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும், காக்கச் சென்றவரே தீங்கிழைத்தவராவர்.

மீட்புக்குப் பின்

வருவாய் அதிகாரி வழங்கும் விடுதலைச் சான்றிதழோடு பணி முடிவதில்லை. 2016ஆம் ஆண்டின் மத்திய மறுவாழ்வுத் திட்டம், வயது வந்த ஆடவருக்கு 1 லட்சம் ரூபாயும், பெண்களுக்கும் சிறுவர்க்கும் 2 லட்சமும், மிகக் கொடிய நிலைகளில் 3 லட்சமும் என வகுத்தது. எனினும் முழுத்தொகையைத் தண்டனைத் தீர்ப்புடன் பிணைத்தமையால், வழக்கு நீளும்வரை பலர் காத்திருக்க நேர்ந்தது. காத்திருக்க வழியற்றவர் மீண்டும் முன்பணம் வாங்குவர். மீட்கப்பட்டோரைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வினாலேயே இது வெளிப்படும். மூன்றாண்டுக்கு ஒருமுறை மாவட்டக் கணக்கெடுப்பு நடத்த 4.50 லட்சம் ரூபாய் ஒதுக்கவும் அதே திட்டம் இடமளித்தது. அத்தொகை செலவானால் மட்டும் போதாது. தகுந்தோர் தகுந்த முறையில் வினவினாரா என்பதே கேள்வி.

நம் வட்டாரத்திலேயே நம்பிக்கை தரும் முயற்சியும் உண்டு. எருமைவெட்டிப்பாளையம் முதலிய இடங்களில் விடுவிக்கப்பட்டோரே செங்கல் சூளைகளை நடத்தும் ஏற்பாட்டை மாவட்ட நிர்வாகம் செய்தது. அவர்கள் நன்கறிந்த தொழிலே அவர்களுக்கு உடைமையாயிற்று.

முடிவுரை

மாணவ மணிகளே! தொழிற்பேட்டையும் சூளையும் நமக்கு அண்மையில் உள்ளன. அங்கு உழைப்போரின் மொழியைக் கேட்டறிவதும், அவர்தம் சொல்லைப் பிழையின்றிப் பதிவதும் தமிழ் பயில்வோர்க்கு இயன்ற பணிகள். முறையான ஆய்வைத் துறைத் திட்டக் கட்டுரையாக மேற்கொள்ள ஆசிரியர்கள் வழிகாட்டலாம். பெரியோர் ஊர்களில் துணை நிற்கலாம். கணக்கில் வாராத மனிதனுக்குச் சட்டம் துணை செய்யாது. அவனைக் கணக்கில் கொணர்வதே ஆய்வின் முதற்கடமை. அதுவே சமூகப்பணியின் தொடக்கமும் ஆகும்.